கம்பிச் சடக்கின் ஓரத்துப் பலகைகள்



பேராக் மாநிலத்தில் கோலா செபெத்தாங் என்றொரு கடலோரச் சிற்றூர் இருக்கிறது. முன்பு அதற்குப் போர்ட் வெல்ட் என்று பெயர். 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், நம் நாட்டின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிலிருந்து அந்த ஊருக்குத்தான் திறக்கப்பட்டது. தூரம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். இன்று அந்தப் பாதையில் இரயில் ஓடுவதில்லை. ஆனால் நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் இன்னமும் நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊரின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நம்மவர்கள் இரயிலில் ஏறி இறங்கினார்கள், இரயில்வேயில் உழைத்தார்கள் என்பதற்கு அந்தத் தமிழ் எழுத்தே சாட்சி.

அது பயணிகளுக்காக நட்ட பலகை. ஆனால் இரயில் பாதையின் ஓரத்தில் வேறு பலகைகளும் கம்பங்களும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் எண் மட்டும் இருக்கும். ஒன்றில் ஒரே ஓர் எழுத்து. ஒன்றில் மேலும் கீழுமாகச் சாய்ந்த இரண்டு கைகள். இவை எந்த மொழியிலும் எழுதப்பட்டவை அல்ல. இவை இரயில் ஓட்டுநரோடு மட்டும் பேசுகின்றன. அந்தப் பேச்சு என்ன என்பதைத்தான் இன்று நாம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

நாமோ இரயில் ஓட்டப் போவதில்லை. பிறகு இதைத் தெரிந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இரயில் பாதைக்குப் பக்கத்திலேயே அமைந்த தோட்டங்கள் நம் நாட்டில் பல உண்டு. லயம் ஒரு புறம், பள்ளிக்கூடமும் கடையும் மறுபுறம் என்று இருக்கும். சுற்றிப் போக நேரமாகும் என்று கம்பிச் சடக்கைக் குறுக்கே தாண்டிப் போகும் பழக்கம் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் இருக்கிறது. ஓட்டுநருக்கு எவையெல்லாம் சொல்லப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எது சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். இத்தனை பலகைகள் எதற்கு? சாலையில் ஓடும் லோரிக்கு ரப்பர் டயர் இருக்கிறது. அது தார்ச் சாலையை இறுகப் பற்றிக்கொள்ளும். இரயிலுக்கு இருப்பதோ இரும்புச் சக்கரம். அது ஓடுவதும் இரும்புத் தண்டவாளத்தின்மீது. ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவுதான் இருக்கும். உராய்வு குறைவாக இருப்பதால்தான் ஒரே எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால் நிறுத்துவது கடினமாகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில் ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். பாரம் ஏற்றிய சரக்கு இரயில் அந்த வேகத்தில் வந்தால், பிரேக் போட்ட பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். ஒதுங்கிப் போகவும் அதனால் முடியாது. ஆகவே, கண்ணால் கண்ட பிறகு நிறுத்தலாம் என்பது இரயிலில் நடவாத காரியம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஓட்டுநருக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காகவே பலகைகள்.

இப்போது மனத்தளவில் ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரைக்கும் போய்ப் பார்ப்போம். பிரிட்டிஷ்காரர்கள் அமைத்துச் சென்ற பழைய முறையை எடுத்துக்கொள்வோம்.

கிம்மாசிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை ஒற்றைப் பாதை. போகும் இரயிலுக்கும் வரும் இரயிலுக்கும் அதே தண்டவாளம்தான். எதிரெதிரே இரண்டு இரயில்கள் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்க முன்னோர் கண்ட வழி எளிமையானது. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். பெட்டிக்குள் இரும்புச் சாவிகள் இருக்கும். அந்தச் சாவியைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் புறப்படக் கூடாது. ஒரு சாவியை வெளியே எடுத்துவிட்டால், அது மறுபடியும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை இரண்டு நிலையங்களிலும் வேறு சாவியை எடுக்க முடியாது. சாவியைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் இரயிலிலேயே கைமாற்றுவார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் வளையத்தோடு நடைமேடையில் நின்ற காட்சியை நம் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அவ்வழியே இரயில் ஓடுவது நிற்கும்வரைக்கும் இந்தச் சாவி மாற்றும் வழக்கம் இருந்தது.

சாவி கிடைத்தது. இரயில் புறப்படுகிறது. நிலையத்தைவிட்டு வெளியேறும் இடத்தில், இரண்டு தண்டவாளங்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், தரையில் ஒரு சிறிய குறி பதித்திருப்பார்கள். பக்கத்துப் பாதையில் நிற்கும் பெட்டி அந்தக் குறியைத் தாண்டி நின்றால், போகும் இரயில் அதை உரசிவிடும் என்று பொருள். நம் நாட்டுத் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மீட்டர். ஆனால் மேலே உள்ள பெட்டியின் அகலம் இரண்டரை மீட்டருக்கும் அதிகம். அப்படியென்றால், தண்டவாளத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்டவாளத்தில் கால் வைக்கவில்லை, பக்கத்தில்தான் நடக்கிறேன் என்று சொல்பவர்கள் இந்தச் சிறு குறியின் பொருளை யோசித்துப் பார்க்கவேண்டும்.

அடுத்து வருவது தூரக் கம்பம். நம்மவர்கள் சாலையில் ஐந்தாம் கட்டை, எட்டாம் கட்டை என்று மைல் கணக்குச் சொல்லி வந்தார்கள். அதைப் போலவே இரயில் பாதைக்கும் கட்டை உண்டு. இன்று அது கிலோமீட்டர்க் கணக்கு. பாலங்களுக்கும் தனித்தனி எண் எழுதியிருப்பார்கள். இந்த எண்தான் அந்த இடத்தின் விலாசம். மழைக்காலத்தில் பாதையின்மீது மரம் விழுந்திருக்கிறது, மண் சரிந்திருக்கிறது என்றால், நம் தோட்டத்துக்குப் பின்னால் என்று சொன்னால் இரயில்வேக்காரர்களுக்குப் புரியாது. பாதையில் ஏறாமல் தூரத்திலிருந்தே தெரியும் கம்பத்து எண்ணைப் பார்த்து, பக்கத்து நிலையத்துக்கோ 999 என்ற எண்ணுக்கோ சொன்னால் போதும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வைக்கலாம். ஒரு எண் பல உயிர்களைக் காப்பாற்றும்.

இதோ, இரண்டு கைகள் உள்ள ஒரு குட்டைக் கம்பம். ஒரு கை மேல்நோக்கி, மற்றொரு கை கீழ்நோக்கி. கூடவே ஒரு எண். இது ஏற்ற இறக்கம் காட்டும் கம்பம். 100 என்று எழுதியிருந்தால், 100 மீட்டர் ஓடுவதற்குள் பாதை ஒரு மீட்டர் ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று பொருள். நாம் அன்றாடம் ஏறி இறங்கும் மலைக்காட்டுச் சரிவோடு ஒப்பிட்டால் இது ஒரு சரிவே அல்ல. நம் கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரயிலுக்கு இது பெரிய மேடு. மேட்டில் ஏறும்போது எஞ்சின் முழுச் சத்தத்தோடு உறுமும். நமக்குத் தொலைவிலேயே கேட்கும். இறங்கும்போதோ எஞ்சினுக்கு வேலை குறைவு, சத்தமும் குறைவு. நிறுத்தத் தேவைப்படும் தூரமோ அதிகம். சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கீழ்நோக்கிய கை ஓர் எச்சரிக்கை.

இன்னும் சற்றுத் தூரம் போனால் வேகப் பலகைகள். வளைவு, பழைய பாலம், பழுது பார்க்கும் இடம் ஆகியவற்றில் மெதுவாகப் போகவேண்டும். வேலை நடக்கும் இடத்தில் முதலில் எச்சரிக்கைப் பலகை, பிறகு வேகம் எழுதிய பலகை, கடைசியில் முடிவுப் பலகை என்று வரிசையாக வைப்பார்கள். முடிவுப் பலகையைத் தன் எஞ்சின் தாண்டியதும் ஓட்டுநர் வேகம் எடுத்துவிடக் கூடாது. கடைசிப் பெட்டியும் தாண்டிய பிறகே எடுக்கவேண்டும். அந்த வரிசைக்கு நடுவில் குனிந்து வேலை செய்பவர்களின் உயிர் அந்தப் பலகைகளின் கையில் இருக்கிறது. சிலிப்பர் கட்டைகளைச் சுமந்து, சல்லியை இடித்து, வெயிலிலும் மழையிலும் பாதையைக் காத்த கூலியாட்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம்.

அந்த வேலையாட்களிடம் வேறு சில அடையாளங்களும் உண்டு. சிவப்புக் கொடி என்றால் நில். பச்சைக் கொடி என்றால் போ. கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினாலும் நில் என்றே பொருள். ஆபத்து நேரத்தில் தண்டவாளத்தின்மீது வட்டமான சிறு வெடிகளையும் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து, இருட்டிலும் மழையிலும் ஓட்டுநரை எச்சரிக்கும். அப்படிப்பட்ட எதையாவது பிள்ளைகள் கண்டால் தொடவே கூடாது. அது விளையாட்டுப் பட்டாசு அல்ல.

இனி வருவது இன்றைய பேச்சில் நாம் மிகவும் கவனிக்கவேண்டிய பலகை. பழைய பிரிட்டிஷ் முறையில் அதில் 'டபிள்யூ' என்ற ஓர் எழுத்து மட்டும் இருக்கும். அது ஊதல் பலகை. முன்னால் சாலை குறுக்கிடும் கடவை இருக்கிறது, இங்கிருந்தே ஊதிக்கொண்டு போ என்று அது ஓட்டுநருக்குச் சொல்கிறது. கடவைக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே அதை நட்டிருப்பார்கள். கடவையில் இருப்பவர்கள் ஊதல் ஒலியைக் கேட்டு விலகிக்கொள்ள நேரம் வேண்டுமல்லவா?

இப்போது யோசித்துப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால், வேலியில் உள்ள சந்து வழியாக நாம் தாண்டும் ஒற்றையடிப் பாதைக்கு முன்னால் ஊதல் பலகை இருக்கிறதா? இல்லை. அங்கே ஆட்கள் தாண்டுகிறார்கள் என்று எந்தப் பலகையும் ஓட்டுநருக்குச் சொல்லவில்லை. வளைவுக்கும் பலகை உண்டு, பாலத்துக்கும் உண்டு, மேட்டுக்கும் உண்டு. நாம் தாண்டும் இடத்துக்கு மட்டும் இல்லை. இரயில் ஊதிக்கொண்டுதானே வரும், கேட்டுவிட்டுத் தாண்டலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அங்கே ஊதவேண்டும் என்பது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. நம்மைக் கண்ணால் கண்ட பிறகுதான் ஊதுவார். அதற்குள் காலம் கடந்துவிடும். ஊதல் கேட்கவில்லை என்பதற்கு இரயில் வரவில்லை என்று அர்த்தம் அல்ல. பிள்ளைகள் மனத்தில் பதியவேண்டிய செய்தி இதுதான்.

சரி, அடுத்த நிலையம் நெருங்குகிறது. கைகாட்டி மரங்கள் தெரிகின்றன. முதலில் வருவது மஞ்சள் கை. அதன் நுனி மீன் வாலைப் போல வெட்டப்பட்டிருக்கும். இது தூரத்து எச்சரிக்கை. கை படுத்திருந்தால், தாண்டிப் போகலாம். ஆனால் அடுத்த கைகாட்டியில் நிற்கத் தயாராக இரு என்று பொருள். பிறகு வருவது வெள்ளைப் பட்டை போட்ட சிவப்புக் கை. அது படுத்திருந்தால் கட்டாயம் நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் போகலாம். சில இடங்களில் கை மேல்நோக்கிச் சாயும். சில இடங்களில் கீழ்நோக்கிச் சாயும். இரவில் கைக்குப் பதிலாக விளக்கின் நிறம் பேசும். இப்போது பெரும்பாலான இடங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளே வந்துவிட்டன.

இந்தக் கைகாட்டி மரத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. சிக்னல் அறையிலிருந்து நீண்ட கம்பியால் இழுத்துத்தான் கையைச் சாய்ப்பார்கள். அந்தக் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? கை தானாகவே படுத்த நிலைக்கு, அதாவது 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். விளக்குச் சிக்னலிலும் அப்படித்தான். விளக்கு அணைந்து கிடந்தால், சிவப்பு எரிவதாகவே எண்ணி ஓட்டுநர் நிறுத்தவேண்டும். கெட்டுப் போனாலும் உயிரைக் காக்கும்படியாகவே கெடவேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். சந்தேகம் என்றால் நில். இரயில்வேயின் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இரயில் நிலையத்தை அடைந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கடைசிப் பெட்டியை உற்றுப் பார்க்கிறார். அதன் பின்னால் உள்ள சிவப்பு விளக்கு தெரிகிறதா என்று கவனிக்கிறார். தெரிந்தால், முழு இரயிலும் வந்து சேர்ந்துவிட்டது. தெரியாவிட்டால், வழியில் பெட்டி ஏதாவது கழன்று நின்றிருக்கலாம். அதை உறுதி செய்யாமல் அடுத்த இரயிலைப் பாதையில் விடமாட்டார். இங்கும் அதே பாடம்தான். சந்தேகம் என்றால் நில்.

இவ்வளவும் ஓட்டுநருக்கும் இரயில்வே ஊழியர்களுக்கும் உள்ள அடையாளங்கள். நமக்கென்றும் சில பலகைகள் வைத்திருக்கிறார்கள். 'அவாஸ்' என்றால் கவனம். 'பஹாயா' என்றால் ஆபத்து. 'பெர்ஹெந்தி' என்றால் நில். சாலையோரத்தில் கடவைக்கு முன்னால் மஞ்சள் நிறச் சாய்சதுரப் பலகை நிற்கும். அதைக் கண்டதும் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைக்கவேண்டும். தடுப்புக் கட்டை இறங்கத் தொடங்கியபின் அதன் அடியில் புகுந்து போகக் கூடாது. கட்டை திறந்தே இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். கடவைக்கு அப்பால் நம் வண்டி நிற்க இடம் இருந்தால் மட்டுமே உள்ளே நுழையவேண்டும்.

இன்னொரு பலகை மின்னல் கோடு வரைந்த பலகை. 2010ஆம் ஆண்டில் ஈப்போ வரைக்கும், 2015ஆம் ஆண்டில் பாடாங் பெசார் வரைக்கும் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதைகளுக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. வீட்டு மின்சாரத்தைப் போல நூறு மடங்குக்கும் அதிகம். கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் தாவிப் பாயும். செம்பனைக் காட்டில் குலை வெட்டப் பயன்படும் நீண்ட அலுமினியக் கோலைத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அந்தக் கம்பிக்கு அடியில் போவது உயிரோடு விளையாடுவதாகும். கோலைப் படுக்கைவாட்டில், தாழ்வாகப் பிடித்துக்கொண்டே செல்லவேண்டும். பட்டம் கம்பியில் சிக்கிக்கொண்டால் பிள்ளைகள் அதை விட்டுவிட வேண்டும்.

இந்த மின்சார இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 39 மீட்டர். பழைய டீசல் எஞ்சினின் உறுமல் இதில் இல்லை. பாதையும் இரட்டைப் பாதை. ஒரு இரயில் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று தாண்டும்போது, அதன் மறைவில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு இரயில் வந்துகொண்டிருக்கலாம். ஒற்றைப் பாதைக் காலத்துப் பழக்கத்தை இரட்டைப் பாதையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முறையான கடவை அல்லது மேம்பாலம் வழியாக ஒரு முறை நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து வைப்போம். அத்தனை நிமிடம் முன்னதாக அவர்களை எழுப்பிவிடுவோம். பாதுகாப்பான வழி உண்மையிலேயே மிகத் தொலைவில் இருந்தால், குறுக்கே தாண்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளாமல், ஊர் மக்கள் ஒன்றுகூடி இரயில்வேக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு எழுதுவோம். அந்த மனுவில், இந்தக் கிலோமீட்டருக்கும் இந்தக் கிலோமீட்டருக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு நடைபாலம் வேண்டும் என்று கட்டை எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்போம். இரயில்வேக்குப் புரியும் மொழி அது. நம் இடம் அவர்களுடைய கணக்கில் ஏறினால்தான் அங்கே ஒரு பாலமோ பலகையோ வரும்.

அதுவரைக்கும், கைகாட்டி மரம் கடைப்பிடிக்கும் சட்டத்தை நாமும் நம் வீட்டில் கடைப்பிடிப்போம். சந்தேகம் என்றால் நில்.